டாக்டர் கேட்டது என்னை அல்ல

போன வருஷம் ஆடித் தள்ளுபடி சமயம். தி.நகரில் என் பாத்திரக்கடையில் கால் வைக்க இடமில்லை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிளாட்பாரத்தில் எவர்சில்வர் டம்ளர் விற்று, இன்று மூன்று மாடிக் கடைக்கு முதலாளி. வருகிறவர் வாய் திறக்கும் முன்பே அவருக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுவேன். இந்தத் தெருவில் என்னை அடிக்க ஆளில்லை.

என் பேத்திக்கு எட்டு வயது. பிறந்ததிலிருந்தே சிக்கிள் செல் நோய். ரத்த அணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து அங்கங்கே அடைத்துக்கொள்ளும். அந்த வலியைப் பெரியவர்களே தாங்க மாட்டார்கள். அன்று காலை கால் வலி என்று சுருண்டு படுத்துவிட்டாள். மகனும் மருமகளும் வெளியூரில். கடையை விட்டுவிட்டு நானே அவளை அடையாறில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வழக்கமாகப் பார்ப்பவர் லீவு. ஒரு பெண் டாக்டர், என் கடைசி மகள் வயதுதான் இருக்கும்.

“எங்கடா கண்ணு வலிக்குது?”

“கால்தான் டாக்டர். எப்பவும் வர்றதுதான், ஊசி போட்டா சரியாயிடும். எங்க வீட்டுச் சிங்கம் இவ, அழவே மாட்டா” என்றேன் நான்.

“ஐயா, நான் பாப்பாவத்தானே கேட்டேன்? அஞ்சு நிமிஷம் நீங்க வாயே தொறக்கக் கூடாது.”

நர்ஸ் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் இப்படிப் பேச ஊரில் யாருக்கும் தைரியம் கிடையாது.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் உயரத்துக்கு உட்கார்ந்தார். எப்போதும் வருகிற வலிதானா, இன்றைக்கு ஏதாவது வித்தியாசமா என்று கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருந்தார். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது.

“கால் வலி பழசு. மூச்சு இழுத்தா இங்கயும் குத்துது” என்று நெஞ்சோரத்தைத் தொட்டாள். “நேத்துலேர்ந்து.”

“தாத்தாகிட்ட ஏன் சொல்லல?”

“நான் அழ மாட்டேன்னு தாத்தா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்களே. சொன்னா அழுதுடுவேன்.”

உடனே எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரலில் பாதிப்பு ஆரம்பித்திருந்தது. ஆக்சிஜன் வைத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள். ஊசியோடு திரும்பியிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார் டாக்டர். ஆறாம் நாள் ஆக்சிஜனை எடுத்ததும் மசால் தோசை கேட்டாள். வராந்தாவுக்கு ஓடிப் போய் நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இப்போதெல்லாம் வலி வந்தால், எங்கே, எப்படி என்று அவளே டாக்டரிடம் புட்டுப் புட்டு வைக்கிறாள். வலிக்கிறது என்று அவள் வாய்விட்டு அழும்போது, பதறும் நெஞ்சுக்குள்ளே எனக்கு ஒரு நிம்மதியும் வருகிறது.