கீழே ஓடும் எழுத்து

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நாலு பேர் நான் பெற்றது. ஒருத்தி என் கொழுந்தன் மகள், தாயில்லாமல் வந்தவள். எல்லாருக்கும் ஒரே பானைச் சோறுதான். ஒருவரும் சோடை போகவில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். மலாய் பேசுவேன், படிக்க வராது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

சொல்ல வந்தது டிவியில் படத்துக்குக் கீழே ஓடுகிற எழுத்தைப் பற்றி.

என் வீட்டுக்காரர் செலண்டார் பக்கம் ஒரு தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தவர். அந்த இரைச்சல் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. பிள்ளைகள் காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள். அது சீட்டியடிக்கிறது என்று கழற்றி அலமாரிக்குள் வைத்தவர்தான், பிறகு எடுக்கவேயில்லை. ஆனால் தமிழும் மலாயும் நன்றாகப் படிப்பார். ஆலைச் சுவரில் ஒட்டுகிற அறிவிப்பை மற்றவர்களுக்குப் படித்துச் சொன்னவர் அவர்.

தோட்டத்து வீட்டில் முதலில் கம்பத்தில் ஏரியல் கட்டிய டிவிதான். தமிழ்ப் படம் போடுவார்கள், கீழே மலாய் எழுத்து ஓடும். யாரும் எதையும் அமுக்க வேண்டாம். சட்டையில் தைத்த பொத்தான் மாதிரி படத்தோடு சேர்ந்தே வரும். பிறகு கூரையில் டிஷ் தட்டு வைத்தோம், டிவிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. மகன் அதில் எதையோ அமுக்கி எழுத்தை வரவைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு நாங்கள் அதில் கை வைக்கவில்லை.

சாயங்காலம் நாடகம் போடும்போது இருவரும் உட்காருவோம். நான் காதால் கேட்பேன், அவர் கண்ணால் படிப்பார். படித்ததை உடனே தமிழில் எனக்குச் சொல்லவும் செய்வார். அவருக்குக் கேட்காதது எனக்கும் கேட்காது என்ற நினைப்பு. நான் கேட்டு முடித்து அடுத்த பேச்சு ஓடிக்கொண்டிருக்கும், அவர் அப்போதுதான் ஆரம்பிப்பார்.

"அவ அம்மா வீட்டுக்குப் போறாளாம்."

"கேட்டுச்சு, கேட்டுச்சு."

நான் சொல்வது அவருக்குக் கேட்காது. தலையை ஆட்டிவிட்டு அடுத்ததைச் சொல்வார். மாமியார்க்காரி வாயில் வரக்கூடாததையெல்லாம் சொல்லித் திட்டுவாள், என் காதே கூசும். இவர் கீழே பார்த்துவிட்டு, "அந்தம்மா கொஞ்சம் வருத்தமா இருக்காங்களாம்" என்பார். எழுதுகிறவர்கள் அவ்வளவு மரியாதையாக எழுதுவார்கள்போல. பல வருஷம் இது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நாடகத்தை ஒழுங்காகப் பார்க்க விடுவதில்லையே என்று முணுமுணுப்பேன். அவர் வாயைத் திறக்கிற நேரமே அதுதான் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. காது போன பிறகு மற்ற நேரத்தில் அவருக்குச் சோறு, தண்ணி என்ற இரண்டு வார்த்தை போதும்.

முடியாத காலத்தில் தனியாக இருக்க வேண்டாம் என்று மகன் எங்களைத் தஞ்சோங் கிளிங்கில் தன் வீட்டுக்கு அழைத்து வந்தான். வீட்டை ஒழிக்கும்போது கறுப்புப் பெட்டியைக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். நான் பின்னிய உறையைப் போர்த்தி, பழைய டிவியைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

மகன் வீட்டு டிவி சுவரில் மெல்லிசாகத் தொங்கியது. கூரையில் தட்டு இல்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி, அதிலிருந்து டிவிக்கு ஒரு தடித்த வயர். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. கீழே மட்டும் எழுத்து இல்லை.

முதல் நாள் அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "எழுத்து எங்க?" என்றார். மகன் டிவி ரிமோட்டில் அதற்கென்று இருந்த பொத்தானை அமுக்கினான். திரையில் என்னவோ வந்தது.

"இல்லைன்னு காட்டுதும்மா."

"ஏன்டா இல்ல? பொத்தான் இருக்குல்ல?"

"பொத்தான் இருக்கு, எழுத்து இல்ல. நான் என்னம்மா செய்ய? அப்பாவுக்குக் கதை தெரியும்லா, மூஞ்சியப் பாத்தாலே புரிஞ்சிரும்."

அவன் ஆபீஸ் விட்டுக் களைத்து வந்தவன், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் இவர் எழுந்து போய்க் கார் நிற்கிற இடத்தில் நாற்காலி போட்டுச் சாலையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் அப்படித்தான். பிறகு டிவி பக்கம் வருவதே இல்லை. நாடகத்தில் யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. எல்லாம் தெளிவாகத்தான் கேட்டது. கேட்டு என்ன.

எழுத்து டிவிக்குள்ளேதான் இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். நம் பழைய டிவியில் எப்போதும் வந்ததே, அதைக் கொண்டுவந்தால் எழுத்தும் கூடவே வந்துவிடும் என்று. மகனைப் படுத்திவிட்டேன். அவன் லோரி பிடித்துச் செலண்டார் போய் அதைத் தூக்கி வந்தான்.

"என் இடுப்பு போச்சும்மா. கல்யாணப் பொண்ண அழைச்சுட்டு வர்ற மாதிரி உறையெல்லாம் போட்டு வச்சிருக்கீங்க."

"பேசாம வயரை மாட்டு."

மாட்டினான். வெள்ளைப் புள்ளிகள் கொதித்தன, வேறு ஒன்றும் இல்லை. ஏரியலுக்குப் படம் வருகிற முறையே மாறிவிட்டதாம், பழைய டிவிக்கு அது புரியாதாம். இவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு நாற்காலிக்குப் போனார். அந்த முதுகை என்னால் பார்க்க முடியவில்லை.

மகனுக்கு வேலை அலோர் காஜாவில். மறுநாள் அவன் காரில் நானும் ஏறிக்கொண்டேன். புது டிவி வாங்கிய கடையில் இறக்கிவிடச் சொன்னேன். கடைக்கார பாய் நாற்காலி போட்டு, பால் இல்லாத தே ஓ வரவழைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார்.

"அக்கா, நீங்க மாப்பிள்ளைய விட்டுட்டு மேளத்த மட்டும் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

"வெளங்கச் சொல்லுங்க பாய்."

"எழுத்து டிவில இல்ல. அந்தக் கறுப்புப் பெட்டியிலதான் வந்துச்சு. அதத் திருப்பிக் கொடுத்துட்டீங்க. அதுக்கு முன்னாடி ஏரியல் காலத்துல படத்து மேலயே எழுதி அனுப்பினான். இப்ப எழுத்து தனியா வருது, படம் தனியா வருது. பெட்டிதான் ரெண்டையும் சேத்து வைக்கணும். தடி வயர்ல சேத்து வச்ச படந்தான் போகும். அதுக்கப்புறம் டிவி ரிமோட்ட என்ன அமுக்கினாலும் வராது. பெட்டி ரிமோட்ட எடுங்க. நாடகம் ஓடும்போதே அமுக்குங்க."

"எல்லாத்துக்கும் வருமா?"

"எழுதி வச்சிருந்தா வரும். நேரலையில பேசுறதுக்குப் பெரும்பாலும் இருக்காது. ஒரு சேனல்ல போட்டா இன்னொரு சேனல்ல வராது, அங்கயும் போடணும்."

சாயங்காலம் மகன் வந்ததும் பெட்டி ரிமோட்டைக் கையில் கொடுத்தேன். நாடகத்தை ஓடவிட்டு அமுக்கினான். கோடு போட்ட ஒரு சின்னச் சதுரம் வந்தது, அதற்குள் பாஷைகள் வரிசையாக இருந்தன. மலாய் கடைசியில். அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தேன். சும்மாதான் உட்கார்ந்தார். பிறகு உதடு அசைந்தது.

"இவன் கடன்காரனுக்குப் பயந்து ஒளிஞ்சிருக்கானாம்."

"அப்படியா" என்றேன். எனக்கு முன்பே கேட்டிருந்தது.

அதோடு முடிந்தது என்றால் நன்றாக இருக்கும். ஒரு நாள் பெட்டி தானாகவே எதையோ புதுப்பித்துக்கொண்டு வரிசையை மாற்றிவிட்டது. நான் எண்ணி அமுக்கினால் சீன எழுத்து. "இவங்க சீனத்துல அழுறாங்க" என்று சொல்லிவிட்டு, அவர் அன்றைக்குப் பாதியில் எழுந்து போனார். மலாயை அதில் 'பஹாசா' என்று போட்டிருக்குமாம், அதன் முதல் எழுத்து எப்படி இருக்கும் என்று பேத்தி காட்டினாள். வயிறு இரண்டாகத் தள்ளிய எழுத்து. இப்போது அதைப் பார்த்துத்தான் அமுக்குகிறேன். விரலில் வாதம், பொத்தானோ அரிசி அளவு. தினமும் அமுக்குகிறேன், அதுவும் தினமும் மறக்கிறது. இன்னொரு பெட்டி வருமாம், அதில் வேறு மாதிரியாம். எனக்குச் சலித்துவிட்டது. ஐந்து பேரை வளர்த்தபோதுகூட இப்படிச் சலிக்கவில்லை.

நான் முந்திப் போய்ச் சேர்ந்துவிட்டால் இவருக்கு எழுத்தைப் போட்டுக் கொடுப்பது யார்? அவராகக் கேட்கமாட்டார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார். வீட்டில் இருப்பவர்கள் அவர் காற்று வாங்குகிறார் என்று நினைப்பார்கள். அதற்காகத்தான் இத்தனையும் சொன்னேன். டிவி ரிமோட் இல்லை, பெட்டி ரிமோட். நாடகம் ஓடும்போது. மலாய். பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும், அவர் சொல்லும்போது அப்படியா என்று கேட்க வேண்டும்.

எழுதிட்டியா, கண்ணு? பிறகு தாத்தா கையில் கொடு, அவர் மெதுவாகப் படித்துவிட்டு நான் சொன்னதை எனக்கே சொல்லட்டும். அதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை வாசிச்சுக் காட்டு. நான் கேக்குறேன்.