மதினி பால் காய்ச்சிய அறை

எங்கள் வீட்டில் ஒரு அறைக்குக் கதவு கிடையாது. நான்தான் கழற்றச் சொன்னேன். ஆசாரி நிலையை மட்டும் விட்டுவிட்டுக் கதவைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "வேற கதவு எப்பம்மா வைக்கணும்?" என்று கேட்டார். "வைக்கவே வேண்டாம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரிய வேண்டிய ஆள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார்.

உள்ளே போனால் சாய்ந்து படுத்துக்கொள்கிற மாதிரி இரண்டு சோபா, பெரிய டிவி, மூலையில் கறுப்பு கிரானைட் போட்ட கவுன்டர். கவுன்டர் மேல் கண்ணாடி பாட்டில்களில் காராச்சேவு, மசாலாக் கடலை, சீடை, எள்ளுருண்டை. கீழே பன்னீர் சோடா அடுக்கிய குட்டி ஃபிரிட்ஜ். முன்னால் மூன்று உயரமான ஸ்டூல். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் இப்படி ஒன்று யார் வீட்டிலும் இல்லை. மில்லில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆன என் வீட்டுக்காரர் கூட்டாளிகளோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார்ப்பதற்காகச் செய்தது என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி பழி.

அது என் மதினியின் அறை. என் வீட்டுக்காரரின் அக்கா. கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூர் போனவர். பஸ்ஸில் அரைமணி நேரம். "எம்பிள்ள வந்தா தங்க ஒரு ரூம் எப்பவும் இருக்கணும்" என்று என் மாமனார் எப்போதோ சொன்னாராம். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு, தன் கட்டில், பீரோ, பித்தளைப் பாத்திரம் எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் பூட்டு தொங்கும். நான் வாக்கப்பட்டு வந்த இத்தனை வருஷத்தில், பெருக்கித் துடைப்பதற்கு மட்டும் அந்த அறைக்குள் போயிருக்கிறேன், அதுவும் அவர் நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது. அவர், இவர் என்று மரியாதையாக எழுதுகிறேன். மனசுக்குள் அப்படியெல்லாம் இல்லை.

பூட்டினது பூட்டினபடியே கிடந்திருந்தால்கூட எனக்கொன்றுமில்லை. ஆனால் வீட்டில் இருந்த ஒரே வெஸ்டர்ன் டாய்லெட் அந்த அறைக்குள்தான் இருந்தது. நான் வாக்கப்பட்டு வருவதற்கு முன்னால், மாமனார் படுக்கையில் விழுந்தபோது கட்டியது. இன்னொன்று கொல்லையில்; குத்தவைத்துத்தான் உட்கார வேண்டும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் என் அம்மாவுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனது. அவள் இருந்தது சேத்தூரில், என் தம்பி வீட்டில். கட்டுப் பிரிக்கவும் முட்டிக்குப் பயிற்சி கொடுக்கவும் ராஜபாளையம் வந்து போவது கஷ்டம் என்று நான்தான் கூட்டிவந்தேன். காலை மடக்கிக் குத்தவைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மதினிக்குப் போன் போட்டேன்.

"அப்பிடியா? ஏட்டி, அந்தச் சாவிய எங்கன வச்சேன்னே தெரியல. தேடிப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார்.

மறுநாளும் போட்டேன். "இன்னும் சிக்கலட்டி" என்றார். மூன்றாம் நாள் போனை எடுக்கவே இல்லை. பூட்டை உடைங்க என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அக்கா மனசு சங்கடப்படும்ட்டி. செத்த பொறு, சாவி கெடைச்சிரும்" என்றார். அக்காவுக்கு மனசு இருந்ததாம். என் அம்மாவுக்கு முட்டி மட்டும்தான் இருந்தது போலிருக்கிறது.

அம்மாவைக் கொல்லைக்கு நான்தான் தூக்கிப் போனேன். பின்னால் நின்று இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, காலை நீட்டினபடியே இறக்கி, முடிந்ததும் தூக்கி. வலியில் அழுவாள். சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். மருமகன் வீடு இல்லையா? கொஞ்ச நாளில் சாப்பாட்டைக் குறைத்தாள், தண்ணீரைக் குறைத்தாள். ஏன் குறைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்லுவாள். அதையும் நான் கேட்க வேண்டும்.

பிறகு ஒருநாள், "நான் சேத்தூருக்கே போயிருதேன். என்ன கஷ்டப்பட்டாலும் எம்மவன் வீடு" என்று சொல்லிப் போய்விட்டாள். நாலு மாசத்தில் இறந்துபோனாள். அதற்கும் அந்த டாய்லெட்டுக்கும் சம்பந்தமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். இருக்கட்டும், எனக்குச் சம்பந்தம் உண்டு.

துட்டிக்கு மதினி வந்தார். அம்மாவுக்கு மாலை போடக் குனிந்தபோது இடுப்பிலிருந்து சாவிக்கொத்து நழுவி வெளியே தொங்கியது. அந்த அறைச் சாவி எனக்கு நன்றாகத் தெரியும், சிவப்புக் கயிறு சுற்றியது. அவரும் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சாவியை உள்ளே தள்ளிக்கொண்டு, பெருங்குரலெடுத்து அழுதார். அடிப்பாவி என்று அந்த இடத்திலேயே கத்தியிருப்பேன். அம்மா கிடக்கிறாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அன்றைக்கு மனசில் வைத்துக்கொண்டதுதான் இந்தப் பழி.

என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன பிறகு, "கூட்டாளிகளோட ஒக்கார எடமில்ல. ஹால்ல ஒக்காந்தா ஒனக்கு எடைஞ்சல்" என்று ஒருநாள் முனகினார். "ஒங்க அக்கா ரூம் சும்மாதான கெடக்கு" என்றேன். மனுஷருக்கு முகம் செத்துவிட்டது. "ஒடைக்கிறத நான் ஒடைச்சுக்கிடுதேன். நீங்க வாக்கிங் போயிட்டு வாங்க." போனார். அன்றைக்கு மாதிரி அவர் வாழ்நாளில் அவ்வளவு தூரம் நடந்ததில்லை.

பூட்டை உடைத்தோம். சாமான்களை மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் ஏற்றினோம். டாய்லெட்டை உடைக்கச் சொன்னதும் கொத்தனார் தயங்கினார். "நல்லாத்தான இருக்கு, இத ஏம்மா ஒடைக்கச் சொல்லுதீய?" தண்ணீர் லைன் அங்கேதான் இருக்கிறது, கவுன்டருக்கு சிங்க் வேண்டும் என்றேன். சரியான காரணம்தான். ஆனால் சம்மட்டி விழ விழ எனக்கு வயிறு குளிர்ந்தது. டாய்லெட் இருந்த இடத்தில் காராச்சேவு பாட்டிலா என்று கேட்டால், ஆமாம். இரண்டு தடவை டைல்ஸ் மாற்றிப் போட்டாயிற்று. எனக்கு அருவருப்பில்லை.

எல்லாம் முடிந்ததும் வெற்றிலை பாக்கு, பூ, பட்டுச்சேலையோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். எங்கள் பக்கம் புதுசாக எது கட்டினாலும் அந்த வீட்டில் பிறந்த பெண் வந்துதான் பால் காய்ச்சணும். பால் பொங்கிவிட்டால் அந்த இடத்தை அவள் மனசார வாழ்த்திக் கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். பிறகு அதில் ஒரு பாத்தியதை பேச முடியாது.

"வீட்டுல ஒரு ரூம் புதுசா எடுத்திருக்கோம் மதினி. நீங்க வந்துதான் பால் காய்ச்சணும்."

"மாடியிலயா?"

"வந்து பாருங்க."

பெருமை தாங்கவில்லை அவருக்கு. ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்களோடு, பால்கோவாக் கூடையும் புதுப் பாத்திரமுமாக வந்து இறங்கினார். மாடிப்படிப் பக்கம் திரும்பியவரை, "இந்தப் பக்கம் மதினி" என்றேன்.

கதவில்லாத நிலைக்கு முன்னால் நின்றார். கை தானாக இடுப்புக்குப் போனது. போய் என்ன செய்ய? கவுன்டரில் கரண்ட் அடுப்பு தயாராக இருந்தது. "நல்ல நேரம் போயிரும், காய்ச்சுங்க" என்றேன். வீட்டுப் பெண் பால் காய்ச்சாமல் திரும்பினால் கூடப் பிறந்தவனுக்கு ஆகாது. வந்தவர்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும். தெரியும் என்றுதான் அப்படிக் கூப்பிட்டேன்.

காய்ச்சினார். அடுப்பை நான் குறைவாகத்தான் வைத்திருந்தேன். எவ்வளவு நேரம் நிற்கணுமோ அவ்வளவு நேரம் நிற்கட்டும். பால் பொங்கியதும் பெண்கள் குலவையிட்டார்கள். என் குலவைதான் உரக்கக் கேட்டது.

எல்லோரும் கவுன்டரைச் சுற்றிக் கடலையைக் கொறிக்க ஆரம்பித்த பிறகு மெதுவாகக் கேட்டார். "இனி நான் வந்தா எங்கன படுப்பேன்?"

"ஹால்ல. எங்கம்மா படுத்த எடத்துல."

தன் தம்பியைப் பார்த்தார். தம்பி டம்ளர் அடுக்கிக்கொண்டிருந்தார். மதினி ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேனில் ஏறினார். பின்னாலேயே லோடு ஆட்டோவில் கட்டிலும் பீரோவும் பித்தளையும் போயின. தெருவே பார்த்தது. அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு பசி. இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

போன மழைக்காலத்தில் மதினி வழுக்கி விழுந்தார். முட்டி போய்விட்டது. மகனுக்கு அதே சமயம் வெளியூருக்கு மாற்றல். "வீடு பாத்துச் செட்டில் ஆகுற வரைக்கும் அம்மா இங்க இருக்கட்டும் அத்தை" என்று கொண்டுவந்து விட்டுப் போனான். எங்கள் கட்டில் ஒன்றை ஹாலில் போட்டேன். "கொல்லையில வெஸ்டர்ன் மாட்டிருவோம், கொத்தனாரக் கூப்பிடு" என்றார் என் வீட்டுக்காரர். "கூப்பிடுதேன்" என்றேன். கூப்பிடவில்லை.

அதனால் என்ன ஆயிற்று? நான்தான் தூக்க வேண்டியதாயிற்று. மதினி கனத்த உடம்பு. பின்னால் நின்று அக்குளில் கை கொடுத்து இறக்கி, தூக்கி, கழுவி. இரண்டாம் நாளே என் இடுப்பு பிடித்துக்கொண்டது. வலிக்கும்போது கத்துவார். கத்தட்டும் என்று விட்டேன்.

ஐந்தாம் நாள் காலையில், என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றவர் கேட்டார். "ஏட்டி, ஒங்கம்மாவையும் இப்பிடித்தான் தூக்குனியா?"

"ஆமா."

"சாவி எங்கிட்டதான் இருந்துச்சு."

"தெரியும்."

"அவிய அங்கன ஒருக்காப் படுத்துட்டா, பொறவு அது ஒன் ரூமாயிருமேன்னு பயந்துட்டேன். எனக்குன்னு அது ஒண்ணுதான இருந்துச்சு."

அழுதார். நானும் அழுதேன். அவர் வாயால் இதைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்றுதான் இத்தனை வருஷமும் காத்திருந்தேன். கேட்டால் ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. சொல்ல வேண்டியது என் அம்மாவிடம். அவள் எங்கே இருக்கிறாள்?

முகம் கழுவிவிட்டேன். தலை வாரிவிட்டேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். கொத்தனாருக்கு மட்டும் அன்றைக்குப் போன் போடவில்லை. இன்னும் மூன்று நாள் கழித்துத்தான் போட்டேன்.