சுறா வந்தும் ஓடாத மீன்கள்

1940-களின் பின்பாதி. உலகச் சண்டை ஓய்ந்திருந்த சமயம். தூத்துக்குடியிலிருந்து வள்ளத்தில் போய்க் கடலில் சங்கு குளிப்பது என் தொழில். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. மனைவி முழுகாமல் இருந்தாள்.

எங்கள் பக்கம், குளிக்கிறவனின் இடுப்புக் கயிற்றை மேலே மச்சினன்தான் பிடிப்பான். அக்காளின் தாலி அவன் கையில் இருக்கிறது, அசந்துவிட மாட்டான் என்ற நம்பிக்கை. கீழேயிருந்து ஒரு சுண்டு சுண்டினால் இழுத்துவிடுவான். எப்போது சுண்டுவது என்பதற்கும் வள்ளத்தில் ஒரு பேச்சு உண்டு: "மீனு மேஞ்சா நீயும் மேயி, மீனு பாஞ்சா நீயும் பாயி." சுறா வருவது நம்மைவிட மீனுக்கு முந்தித் தெரியும் அல்லவா!

அன்றைக்குத் தண்ணீரில் கலங்கலே இல்லை. பாறை ஓரமாகச் சங்கு தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சின்ன மீன்கள் கூட்டமாகப் பாசி மேய்ந்துகொண்டிருந்தன. அந்தப் பக்கம் என்னைவிட நீளமான சுறா ஒன்று வந்தது. மீன்கள் சிதறி ஓடும், நானும் சுண்டிவிடலாம் என்று கயிற்றைப் பிடித்தேன். ஓடவில்லை! திருவிழாக் கூட்டம் வழிவிடுகிற மாதிரி கொஞ்சம் விலகின, சுறா போனதும் மறுபடி சேர்ந்துகொண்டன.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. விவரம் தெரிந்த மீனே நிற்கிறதே, சுறாவுக்குப் பசியில்லையோ? அசைந்தால்தான் துரத்துமோ? அப்புறம்தான் கவனித்தேன், மீன்கள் மேய்வதையும் நிறுத்தியிருந்தன. எல்லாம் சுறா போன திசையையே பார்த்து நின்றன. மேயவும் இல்லை, பாயவும் இல்லை. இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று வள்ளத்தில் யாரும் சொல்லித் தரவில்லையே, மாதாவே! மூச்சு முட்டியது. சுறா திரும்பி என்னை நோக்கி வந்தது. கயிறு கையில் இருந்தும் நான் சுண்டவில்லை.

திடீரென்று இடுப்பில் வெடுக்கென்று ஓர் இழுப்பு. கயிறு என்னை மேலே தூக்கியது. அந்த நொடியில் மீன்கள் அத்தனையும் சிதறின. சுறா என் காலுக்குக் கீழே பாய்ந்து, அவற்றின் பின்னால் போய்விட்டது.

வள்ளத்தில் விழுந்து மூச்சு வாங்கியபின் மச்சினனிடம், "ஏலே, நான் சுண்டவே இல்லையே, ஏம்லே இழுத்த?" என்றேன்.

"அதான் அத்தான் இழுத்தேன். சங்கு தேடுனா கயிறு அங்கன இங்கன ஆடணும்லா? அது பாட்டுக்குச் சும்மா கெடக்கு. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிட்டு" என்றான். அவன் சுறாவைப் பார்க்கவே இல்லை.

நான் நடந்ததைச் சொன்னதும் பயல் அதைக் கரையெல்லாம் பரப்பிவிட்டான். "எங்க அத்தான் சுறாவுக்கு முன்னால அசையாம நிக்காரு!" என்று ஒரே பெருமை. கடைக்குப் போனால் அண்ணாச்சி கூப்பிட்டு உட்காரவைத்துக் கதை கேட்டார். வீட்டில் மனைவிதான் சோற்றைப் போட்டுக்கொண்டே, "நெசத்தச் சொல்லுங்க, பயந்துபோய்த்தான் மேல வரலியா?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். அவள் முகம் மாறிப்போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சுறா பாய்ந்ததால் மீன்கள் ஓடினவா, நான் எழும்பியதைக் கண்டு மிரண்டு ஓடினவா என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவை அதுவரை யோசித்து நின்றனவா, பயத்தில் உறைந்து நின்றனவா என்பதும் தெரியாது. என்னைப் பற்றியே எனக்கு அது தெரியாதபோது, ஆபத்தின் முன்னால் அசையாமல் நிற்கிற யாரையும் தைரியசாலி என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஓடிப்போய் அவர் கயிற்றை இழுக்கத்தான் தோன்றுகிறது.