தோல் கிழிந்த மல்லாட்டை

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் விழுப்புரம் வண்டிக்காகக் காத்திருந்தபோது அவித்த மல்லாட்டை வாசனை வந்தது. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். ஒரு பொட்டலம் வாங்கி மகளிடம் கொடுத்தேன். பன்னிரண்டு வயதாகிறது அவளுக்கு. கைப்பேசியைப் பார்த்தபடியே உடைத்து உடைத்துத் தின்றாள். ஒரு பருப்பைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, இவளை ஏழு வயது வரை நான் பள்ளிக்கே அனுப்பவில்லை. எம்.எஸ்சி., பி.எட். படித்த திமிர் என்று உறவில் பேர். வீட்டிலேயே படிக்கட்டும், அதுவும் விளையாட்டாகப் படிக்கட்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு விடாமல் சார்ட் அட்டையில் அட்டவணை வேறு போட்டேன். 'காலை ஏழு முதல் எட்டு வரை: இயல்பாகக் கற்றல்.' ஏழு ஐந்துக்கு அவள் எழுந்து வராவிட்டால் எனக்குப் படபடப்பாக இருக்கும்.

அட்டவணையில் இல்லாத ஒரு பாடம்தான் அவளிடம் ஒட்டியது. யார் எதைச் சொன்னாலும் "யாரு பாத்தா?" என்று கேட்க வேண்டும். பிறகு நாங்கள் இருவரும் போய்ப் பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும் என்றார்கள். மரக்காணத்துக் கல்லுப்பைக் கரைத்துக் கரைத்து, அது எழும்பும் வரை குடத்தருகே உட்கார்ந்திருந்தோம். அவள் கைதட்டியது இப்போதும் கேட்கிறது. அன்று சமையலுக்கு உப்பில்லை.

அவளுக்கு ஏழு வயதான மே மாதம் கிளியனூரில் என் ஓரகத்தி வீட்டுக்குப் போயிருந்தோம். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வாசல் பந்தலில் ஐந்தாறு பெண்கள் விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். விதைக்கு என்றால் மெஷினில் போட மாட்டார்கள். பருப்பின் சிவப்புத் தோல் கிழியாமல் கையால்தான் உடைக்க வேண்டும். கிழிந்தது தின்பதற்கு. என் மகள் கிழிந்ததை மட்டும் பாவாடையில் சேர்த்துக்கொண்டிருந்தாள், நட்டுப் பார்ப்பதற்கு.

"அத்த நட்டா மொளைக்காது பாப்பா" என்றார் அக்கா.

"யாரு பாத்தா?" என்றாள் இவள்.

உடைத்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "பள்ளிக்கூடம் அனுப்பாம வாய மட்டும் நல்லா வளத்துக்கினு இருக்கிற."

ஏழெட்டு எவ்வளவு என்று கேளு, அதற்கு வாய் திறக்கிறதா பார்ப்போம் என்று பக்கத்தில் இருந்தவள் எடுத்துக் கொடுத்தாள். நானும் கேட்டேன். அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தக் குரலில் நான் அவளிடம் பேசியதில்லை. மூன்றாம் முறை கேட்டபோது மெதுவாகச் சொன்னாள்:

"நீதாம்மா அப்டி கேக்கச் சொன்ன."

வாயிலேயே அடித்தேன். அவர்களோடு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்த கை. அவள் உதட்டில் மண் ஒட்டியது.

"நீ நட்டா எதுவும் மொளைக்காதுடி."

அக்காவே பயந்துபோய், குழந்தையை விடு என்றார். நான் விடவில்லை. அத்தனை பேர் முன்னால் ஏழாம் வாய்ப்பாட்டை முழுக்கச் சொல்ல வைத்தேன். அழுதுகொண்டே ஒரு தப்பில்லாமல் சொன்னாள். என் மானம் அப்படித்தான் மீண்டது.

மத்தியானம் குழாயடியில் ஐந்து கொட்டாங்குச்சியில் மண் அள்ளிப் போட்டு நட்டாள். வழக்கமாக என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். அன்று கூப்பிடவில்லை. மறுநாள் விழுப்புரம் திரும்பிவிட்டோம்.

எட்டாம் நாள் அக்கா கைப்பேசியில் படம் அனுப்பினார். நான்கு கொட்டாங்குச்சியில் வெறும் மண். ஐந்தாவதில், மண்ணைத் தலையால் முட்டிக்கொண்டு, வெள்ளையாக ஒரு முளை. கூடவே குரல்பதிவு: "பாப்பா நட்டது ஒண்ணு மொளச்சிக்கிது. அதுங்கிட்ட காட்டு. பெரிம்மா தோத்துட்டேன்னு சொல்லு."

அன்று காலைதான் பள்ளியில் சேர்க்க விண்ணப்பம் வாங்கி வந்திருந்தேன். காட்டினால், அப்புறம் ஏன் அடித்தாய் என்று கேட்பாள். படத்தையும் குரலையும் அழித்துவிட்டேன். அவளும் முளைத்ததா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. இப்போது வகுப்பில் முதல் மூன்று பேரில் வருகிறாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பிள்ளை என்று டீச்சர்கள் சொல்கிறார்கள்.

பொட்டலத்தில் கடைசிக் காயை எடுத்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, தோல் கிழிந்த பருப்பை நட்டால் முளைக்குமா என்று கேட்டேன்.

"மொளைக்காதும்மா."

"யாரு பாத்தா?"

கைப்பேசியிலிருந்து கண்ணை எடுத்தாள். கோபமெல்லாம் இல்லை.

"நீதான சொன்ன."

காட்டுவதற்கு என்னிடம் படம் இல்லை. வண்டி வந்தது. மடியில் இருந்த மல்லாட்டை ஓடுகளையெல்லாம் உதறிவிட்டு அவள் முதலில் ஏறிக்கொண்டாள்.