முயல் தோலுக்குப் போட்ட மாவு

முதலில் கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். மாதனூர் பக்கத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் சம்பளத் தாளில் கையெழுத்துப் போடத்தான். எழுத்துப் பிழைகளை அச்சுக்குப் போகும் முன் யாராவது திருத்திவிடுங்கள். முயல் வரும் இடத்தை மட்டும் திருத்த வேண்டாம். அது அப்படியேதான் நடந்தது.

நான்கு வருஷமாக இத்தாலியில், தஸ்கனி என்ற பக்கத்தில், ஆற்றோரம் தோல் பதனிடும் ஓர் ஊரில் டேனரி வேலையில் இருக்கிறேன். ஏறக்குறைய ஆம்பூர் மாதிரிதான். டேனரி, லாரி, நாற்றம், பாலாறு மாதிரி ஓர் ஆறு. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, அது ஒன்றுதான் வித்தியாசம். வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாலையோரம் நடந்துகொண்டிருந்தேன். முன்னால் ஒரு பெரிய கார் வந்து நின்றது. கோட்டு போட்ட ஒருவர் இறங்கி, பள்ளத்தில் போய்க் குந்தினார். நம் பக்கத்தில் நெடுஞ்சாலையில் காரை ஓரம் கட்டிவிட்டு ஒருவர் குந்தினால் மரியாதை தெரிந்தவன் என்ன செய்வான்? நானும் அதைத்தான் செய்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்து, விளக்குக் கம்பத்தில் நேராக மோதி விழுந்தேன். அவர்தான் ஓடிவந்து தூக்கினார். அவர் ஒரு கையில் சின்னக் கத்தி, மறு கையில் பை நிறையக் கீரை. இந்த ஊரில் காரில் போகிறவர்களும் கீரை பறிக்கக் குந்துவார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நெற்றி வீக்கம் வடிய ஒரு வாரம் ஆயிற்று.

நான் குடியிருக்கும் வீடு லூச்சியா என்ற அம்மாவுடையது. கீழே அவர், மேலே நான். அறுபத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்குப் பின்னால் தோட்டம், ஓரத்தில் கூண்டு, அதில் ஆறு முயல்கள். அவருக்கு எந்தக் காய்க்கும் ஒரு மாதம் உண்டு. குளிர்காலத்தில் நான் கடையில் தக்காளி வாங்கி வந்தால் திருட்டுப் பொருளைப் பார்க்கிற மாதிரி பையைப் பார்ப்பார். ஏதோ சொல்வார். நான் ‘சீ’ என்பேன். இந்த ஊர்ப் பேச்சில் அதற்கு ஆமாம் என்று அர்த்தம். நம் ஊரில் ஒரு பெண்மணியைப் பார்த்து அப்படிச் சொன்னால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். எனக்குப் பொதுவாகவே பேச்சு வராது, கூச்சம். அதனால் அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் நான்கு வருஷம் ஓட்டினேன்.

அந்த வார்த்தைதான் என்னை மாட்டிவிட்டது. போன செப்டம்பரில் கம்பெனியில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை. எனக்குச் சர்க்கரை ஜாஸ்தி. டாக்டர் வரிசையாகக் கேள்வி கேட்டார், நான் வரிசையாகச் ‘சீ’ சொன்னேன். பிறகு அவர் கொடுத்த தாளைப் போனில் படம் பிடித்தேன், போன் தமிழில் சொன்னது. தினமும் குடிப்பவன், புகைப்பவன், இனிப்பு விடாதவன் என்று எழுதியிருந்தது. நான் பீடியைத் தொட்டதில்லை. கடைசி வரி விளையாட்டாக இல்லை. பிப்ரவரியில் மறுபடி பார்ப்பார்கள், சர்க்கரை இறங்கவில்லை என்றால் டிரம் பகுதியில் வேலை இல்லை. டிரம்மில் தோலைப் போட்டு எடுக்கிற வேலைக்குத்தான் எனக்கு இந்த நாட்டில் அனுமதி. அது போனால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். மகள் வேலூரில் நர்சிங் படிக்கிறாள், இன்னும் ஒரு வருஷம் பாக்கி.

என் மனைவி சுகந்திக்கு இதைச் சொன்னேன். அவள் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறாள். அவள் ஒன்றும் பதறவில்லை. போன லீவில் என் பெட்டியில் அவள் வைத்து அனுப்பிய காய்ந்த ஆவாரம்பூவைக் கொதிக்கவைத்துக் காலையில் குடி, ராத்திரியில் கடுக்காய்ப் பொடி போடு என்றாள். நான் மாட்டேன் என்றேன்.

அதற்குக் காரணம் உண்டு. சின்ன வயதில் பேரணாம்பட்டில் ஒரு டேனரியில் குழி வேலை பார்த்தேன். ஆவாரம் பட்டை ஊறிய குழி, கடுக்காய்த் தூள் போட்ட குழி, இரண்டிலும் முழங்கால் அளவு நின்று தோலைப் புரட்டியிருக்கிறேன். இரண்டு வருஷத்தில் என் உள்ளங்கால் எப்படி ஆனது என்றால், முள் குத்தினால் முள்தான் வளையும். செத்த ஆட்டின் தோலைக் கெடாமல் வைக்கிற சரக்கு உயிரோடு இருக்கிறவன் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும்? பட்டை வேறு பூ வேறு என்பார்கள். செடி ஒன்றுதானே. என் கணக்கில் செடி கொடிகள் இரண்டு சாதி. ஒன்று சட்டிக்கு, ஒன்று குழிக்கு. இதை அவளிடம் விளக்கினேன்.

“இன்னாய்யா, ஊர்ல பாதி பேரு குடிக்கிறான். உனக்கு மட்டும் வயிறு பர்ஸா ஆயிடுமா?” என்றாள்.

ஆவாரம்பூவைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மாத்திரையை விழுங்கி, சோற்றைக் குறைத்தேன். பசி தாங்கவில்லை. அப்போது ஒரு நாள் லூச்சியா தக்காளிப் பாத்தியில் களை பிடுங்கி முயல் கூண்டுக்குள் போட்டுக்கொண்டிருந்தார். மேலிருந்து பார்க்கிறேன், அத்தனையும் பருப்புக்கீரை. கொழுகொழுவென்று, சிவந்த தண்டோடு. மாதனூரில் மழை விட்டதும் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற இடத்திலேயே சுகந்தி இதைப் பறித்துச் சாப்பாட்டுக் கூடையில் போட்டுக்கொள்வாள். மாலையில் பருப்போடு கடைந்தால் வீடே மணக்கும். கேட்டால் கொடுத்திருப்பார். கேட்பதற்குக் கூச்சம். அவர் உள்ளே போகும்வரை காத்திருந்து, இறங்கி, கூண்டுக்குள் கையை விட்டேன். ஒரு முனையை நான் பிடித்தேன். மறு முனையை ஒரு வெள்ளை முயல் பிடித்தது. இருவரும் விடவில்லை. நிமிர்ந்து பார்த்தால் சமையலறை ஜன்னலில் லூச்சியா.

மறுநாளிலிருந்து களையை இரண்டு குவியலாகப் போட்டார், ஒன்று முயல்களுக்கு, ஒன்று என் படிக்கட்டில். முயல் தீனியைப் பிடுங்கித் தின்னும் அளவுக்கு இந்த மனிதன் பட்டினி கிடக்கிறான் என்று முடிவு செய்துவிட்டார் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. கீரைக் கடையல் நன்றாக வந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை கதவைத் தட்டி, ஒரு காகிதப் பையைக் கொடுத்தார். இரண்டு கிலோ இருக்கும், பழுப்புத் தூள். மலைப்பக்கம் கையைக் காட்டி மரத்தின் பெயரைச் சொன்னார். செஸ்ட்நட் மரம். எனக்குத் தெரியாத மரமா? எங்கள் டேனரியில் மூட்டை மூட்டையாக அந்த மரத்தின் தூள்தான் வருகிறது, அதில்தான் தோலைப் பதம் செய்கிறோம். அந்த மரம் காய்க்கும் என்பதே எனக்குத் தெரியாது. நிறம் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது, வீட்டில் அரைத்தது என்று நினைத்துக்கொண்டேன். மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். முப்பது வருஷம் சுண்ணாம்புக் குழிக்குப் பக்கத்தில் நின்ற மூக்கு இது, அழகுக்குத்தான் இருக்கிறது. லூச்சியா கையாலேயே விளக்கினார். தூளைக் கொட்டு, தண்ணீர் விடு, கலக்கு, தட்டையாகப் பரப்பு, மேலே எண்ணெய் தடவு. அத்தனையும் எங்கள் வேலை, முறை மாறாமல். கீழே பார்த்தேன். படிக்கட்டுக் கம்பியில் அன்றைக்கு உரித்த முயல் தோல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன சொல்ல வேண்டும்? நான் ‘சீ’ என்றேன்.

எனக்கு உள்ளுக்குள் பெருமை. இந்த ஊரில் நான்கு வருஷமாக யாரும் என்னிடம், இதை நீ செய்து கொடு என்று கேட்டதில்லை. டிரம்மில் போடு, எடு, அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரியே குளியலறையில் உட்கார்ந்து, சதையைச் சுரண்டி, கழுவி, ஒரு வாளியில் மாவைக் கரைத்துத் தோலை ஊறவைத்தேன். இரண்டாம் நாள் நுரைத்தது. மூன்றாம் நாள் தோசை மாவு மாதிரிப் பொங்கி மூடியைத் தூக்கியது. மேலே கல் வைத்தேன். நான்காம் நாள் லூச்சியாவின் பூனை அடுத்த வீட்டுக்குக் குடிபோனது. லூச்சியா ஆள் கூப்பிட்டு சாக்கடையைத் திறந்து பார்த்தார். என்ன நாற்றம், எங்கிருந்து என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நானும் இறங்கிப் போய் டார்ச் பிடித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு லூச்சியா மேலே வந்தார். வாய்க்குப் பக்கத்தில் விரல்களைக் குவித்து, எப்படி இருந்தது என்பது போல் கேட்டார். நான் உள்ளே போய் வாளியைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தேன். ரோமமெல்லாம் உதிர்ந்து மாவில் மிதந்தது. அவர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார். இது உங்களுக்குத்தான் என்று கை காட்டினேன். அவர் வயிற்றைத் தொட்டுக் காட்டி, நான் சாப்பிட்டாயிற்று என்று ஒரு படி கீழே இறங்கினார். கூச்சப்படுகிறார் என்று நினைத்து, நம் ஊர் வழக்கப்படி நானும் விடவில்லை, வாளியோடு ஒரு படி இறங்கினேன். அவர் இன்னொரு படி. இப்படியே பாதி மாடி இறங்கியதும், எனக்குப் புத்தி வந்து, காலைத் தூக்கி ஷூவைக் காட்டி, தோலைக் காட்டினேன்.

அவருக்கு விளங்கிவிட்டது. ஏறி வந்து மேஜைமேல் இருந்த காகிதப் பையின் அடியில் மீந்திருந்த மாவை ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போடப் போனார். டேனரிச் சரக்கை ஒரு மனுஷி விழுங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? பாய்ந்து கையைப் பிடித்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, அந்தச் சிட்டிகையை என் வாயில் திணித்தார்.

இனிப்பாக இருந்தது.

அந்த மரத்தின் கொட்டையை அரைத்த மாவு அது, அடை சுட்டுத் தின்னக் கொடுத்தது. லூச்சியா படியில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று தண்ணீர் கொண்டுவந்தேன். அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாமல் சிரித்தார்.

உடனே சுகந்திக்குப் போன் போட்டேன். இங்கே இரண்டு மணி என்றால் அங்கே சாயங்காலம், கம்பெனி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். கையில் சாமான் என்று ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள், அது எனக்குத் தெரியாது. நான் வாளிவரை சொன்னதும் ஆம்பூரிலிருந்து மாதனூர்வரை ஒரு பஸ் சிரிக்கிற சத்தம் காதில் வந்தது. பின் சீட்டிலிருந்து ஒரு பெண், “அண்ணே, அந்த முயலு இன்னா பாவம் பண்ணுச்சு? செத்த பின்னாடியும் உட மாட்டியா?” என்றாள்.

சுகந்தி சொன்னாள்: “குடிக்க வேண்டிய கடுக்காய தோலுக்குன்ன. துன்ன வேண்டிய மாவ தோலுக்குப் போட்ட. அப்ப உன் வயித்துக்கு இன்னாதான்யா குடுப்ப?”

பிறகு ஸ்பீக்கரை அணைத்திருக்க வேண்டும், பஸ் சத்தம் குறைந்தது. “சக்கர எறங்கலன்னா வந்துடு. எதனா பாத்துக்கலாம். பயந்துக்கினு மட்டும் வராத” என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் ஆவாரம்பூவைக் கொதிக்கவைத்துக் குடித்தேன். குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மிருதுவாகத்தான் இருந்தது. மறுநாள் ஞாயிறு, லூச்சியா ஒரு கத்தியைக் கொடுத்து வயலுக்குக் கூட்டிப்போனார். கசப்புக் கீரை, தொட்டால் பிரண்டை மாதிரி அரிக்கிற இலை, மயிர் முளைத்த இலை, எல்லாம் பறித்தோம். அவர் அதை வேகவைத்து எண்ணெய் விடுவார். நான் பாதியை வாங்கிவந்து பூண்டும் மிளகாயும் தாளித்துப் பருப்போடு கடைவேன். ஒரு கிண்ணம் கீழே போகும். மிளகாய் ஜாஸ்தி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கிண்ணத்தை வழித்துத் திருப்பித் தருவார். குளிர்காலம் பூராவும் சோறு கம்மி, கீரை ஜாஸ்தி, மாத்திரையும் விடவில்லை. அதே சாலையோரப் பள்ளத்தில் இப்போது நானும் குந்துகிறேன். டேனரிக்குப் புதிதாக வந்த பேரணாம்பட்டுக்காரர் ஒருவர் அந்த வழியாக வந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “கம்பம், கம்பம்” என்று நான் கத்துவதற்குள் மோதிவிட்டார்.

பிப்ரவரியில் டாக்டரிடம் லூச்சியாவும் வந்தார். என் ‘சீ’யை நம்பி என்னைத் தனியாக அனுப்ப அவருக்கு மனசில்லை. தாளில் எழுதியிருந்த குடி, புகை எல்லாவற்றையும் கோடு போட்டு அடிக்கவைத்தார். டாக்டர் புதுக் கணக்கைப் பார்த்துத் தலையாட்டினார். சர்க்கரை இறங்கியிருந்தது. கையெழுத்துப் போடும்போது என்ன சாப்பிட்டார் என்று கேட்க, லூச்சியா விரல் விட்டு எண்ணினார். செஸ்ட்நட் மாவு என்றதும் டாக்டரின் பேனா நின்றது. மாவு, சர்க்கரை இரண்டு வார்த்தையும் எனக்கு இப்போது தெரியும். இரண்டு கிலோ இனிப்பு மாவைச் சர்க்கரைக்காரனுக்கா கொடுத்தாய் என்று கேட்கிறார். லூச்சியாவின் முகம் சிவந்துபோயிற்று. அதைப் பார்க்கப் பொறுக்காமல், இந்த நாட்டில் முதன்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினேன்.

“லா மஞ்ஞாத்தா இல் கொனீல்யோ.” மாவை முயல் சாப்பிட்டுவிட்டது.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார். லூச்சியா வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்தத் தோலை நான் தூக்கிப் போடவில்லை. கம்பெனியில் கேட்டு, நிஜமான செஸ்ட்நட் சரக்கில் ஊறவைத்து, முறையாகப் பதம் செய்தேன். ரோமம் போனாலும் புளித்த மாவில் கிடந்ததால் பட்டு மாதிரி வந்தது. இரண்டு சின்ன உறை தைத்தேன். ஒன்றில் லூச்சியாவின் கீரைக் கத்தி இருக்கிறது. இன்னொன்று சுகந்திக்கு, லீவில் போகும்போது கொண்டுபோக வேண்டும். தோல் பதமாகிவிட்டதா என்று பார்க்க ஓரத்தில் வெட்டிப் பார்ப்போம். சாறு உள்ளேவரை போகவில்லை என்றால் நடுவில் வெள்ளையாக ஒரு கோடு தெரியும். முயல் தோலில் கோடு இல்லை. என்னை வெட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் ஆவாரம் மஞ்சளும் மறு பக்கம் செஸ்ட்நட் பழுப்பும் ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன். நடுவில் ஒரு வெள்ளைக் கோடும் நிச்சயம் இருக்கும். பதம் போதவில்லை என்று யாரும் மறுபடி குழியில் போட்டுவிட வேண்டாம். அது சோறு.

சுவரில் சுகந்தி கொடுத்த கிழிக்கிற காலண்டரும் லூச்சியா கொடுத்த படக் காலண்டரும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. ஒன்றில் மாசி 25, மற்றதில் மார்ச் 9. இரண்டிலும் ஞாயிறு, கீரைக்குப் போகிற நாள்.