குதிரைக்குப் பாவாடை நாடா

முள்கம்பியைக் கண்டுபிடித்தவன் குதிரை வளர்த்திருக்கவே மாட்டான். இதை இன்றைக்கும் யார் முன்னாலும் அடித்துச் சொல்வேன். மாட்டுக்கு முள் குத்தினால் அது நின்று யோசிக்கும், பிறகு பின்னால் நகரும். குதிரைக்கு யோசிக்க நேரமில்லை. பயந்தால் பாயும். கம்பி காலில் சுற்றினால் இன்னும் வேகமாக இழுக்கும்.

என்னிடம் இருந்த மூன்று குதிரைகளில் வயதானவளைக் கிழவி என்றுதான் கூப்பிடுவேன். ரேசில் ஓடி ஓய்ந்து, வலது கண்ணும் போனபின் யாருக்கும் வேண்டாதவளானாள். நான்தான் அழைத்து வந்தேன். ஒருநாள் காலையில் தெருநாய்கள் துரத்த, பார்வை இல்லாத பக்கமாகவே ஓடி முள்வேலியில் விழுந்தாள். வலது முன்னங்காலில் சதை பிளந்து எலும்பு தெரிந்தது. தையல் போட்ட கால்நடை மருத்துவர் கை கழுவிக்கொண்டே ஒன்று சொன்னார். இதே காலில் இன்னொரு தடவை இப்படி ஆனால் தன்னைத் தையல் போடக் கூப்பிட வேண்டாம், ஊசி போடக் கூப்பிட்டால் போதும் என்றார். என்ன ஊசி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

மறுநாளே முள்கம்பி முழுவதையும் பிடுங்கி எறிய ஆள் வைத்தேன்.

அது ஊரே ஐ.டி., ஐ.டி. என்று தலைகால் புரியாமல் ஓடிய காலம். பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, நகரத்துக்கு வெளியே அல்வாலைத் தாண்டி, ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவரின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தேன். சனி, ஞாயிறுகளில் ஐ.டி. கம்பெனிகள் முளைத்த மாதாப்பூர் பக்கமிருந்து பிள்ளைகளைக் காரில் கூட்டி வருவார்கள். நான் சவாரி சொல்லித்தருவேன். உறவுக்காரர்கள் என்னைப் பைத்தியம் என்றார்கள். ஆமாம், பைத்தியம்தான், உங்களுக்கென்ன நஷ்டம் என்று கேட்டேன்.

குதிரைக்கு மின்வேலிதான் சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எந்த மின்வேலி என்பதில்தான் வந்தது சண்டை. ராணிகஞ்சில் வேலிச் சாமான் விற்கிற கடைக்காரர் மெல்லிய எஃகுக் கம்பியைக் காட்டி, யானையே இதற்குப் பயந்து நிற்கிறது, உங்கள் குதிரை நிற்காதா என்றார். யானை நடந்து வரும், நிற்கும். ஓடி வருகிற குதிரையின் கண்ணுக்கு அந்தக் கம்பி தெரியவே தெரியாது. போய் மோதினால் கம்பி அறாது, கால்தான் அறும். இதை நான் சொல்லச் சொல்ல அவர் இன்னும் தடிமனான கம்பிச் சுருளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

பெங்களூரில் குதிரை வளர்க்கிறவர்களிடம் கேட்டு, பார்சலில் மின்வேலி நாடா வரவழைத்தேன். மூன்று விரல் அகலம், பால் வெள்ளை, உள்ளே முடி மாதிரி கம்பி இழைகள். தூரத்திலிருந்தே கண்ணில் படும். தொட்டால் சுரீர் என்று ஒரு அறை கொடுக்கும். முழு வேகத்தில் வந்து மோதினால் அறுந்து வழி விட்டுவிடும். இந்தக் கடைசி குணத்துக்காகத்தான் அதை வாங்கினேன். ஒருவருக்கும் ஜீரணமாகாததும் அதுதான்.

முக்கியமாக என் வீட்டுக்காரருக்கு. அவர் திருநெல்வேலிக்காரர். பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் இன்ஜினியர். தாங்க வேண்டிய எடையைப் போல் இரண்டு மடங்கு தாங்காத எதையும் அவர் மதிப்பதில்லை. எங்கள் வீட்டுத் துணி காயப்போடும் கொடியில் ஆளே தொங்கலாம். பார்சலைப் பிரித்து, நாடாவை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது பாவாடை நாடால்லா? இதக் கட்டியா குதிரைய நிறுத்தப் போற?"

"மானத்தையே அதுதான் நிறுத்தி வைக்குது. குதிரைய நிறுத்தாதா?"

கேலி செய்தாலும் மனிதர் வேலையில் குறை வைக்கவில்லை. நாடாவுக்குக் கரண்ட் அனுப்பும் மெஷினைப் பொருத்தி, எர்த் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு மூடியதெல்லாம் அவர்தான்.

அடுத்த சண்டை பக்கத்து லேஅவுட்டிலிருந்து வந்தது. எங்களை ஒட்டிய நிலத்தையெல்லாம் வெள்ளையடித்த கல் நட்டு மனை போட்டு விற்றாகிவிட்டது. அதற்கொரு சங்கம், சங்கத்துக்கொரு செயலாளர். கரண்ட் வேலி என்றதும் அவருக்கு நினைவு வந்தது, காட்டுப்பன்றிக்காக மோட்டார் லைனிலிருந்து திருட்டுக் கம்பி இழுத்து ஆளைக் கொல்கிற வேலிதான். பயம் நியாயம். ஆனால் இது பாட்டரியில் ஓடுவது, நொடிக்கு ஒரு துடிப்புதான், கையை எடுத்துக்கொள்ளலாம் என்று நான் விளக்கியதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேலியைப் பிரிக்காவிட்டால் நிலத்துக்காரரிடம் பேசிக் குத்தகையை ரத்து செய்ய வைப்பேன் என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் கை தானாக நீளும். எல்லோரும் பார்க்க நாடாவைப் பிடித்தேன். ஒன்றுமே ஆகவில்லை. மெஷின் டிக் டிக் என்கிறது, எனக்கு ஒரு கூச்சம்கூட இல்லை. இதைத்தான் வேலி என்கிறீர்களா என்று செயலாளர் சிரித்தார். ஒரு நிமிஷம் முன்னால் ஆளைக் கொல்லும் என்றவர்! என் வீட்டுக்காரர் போய், எர்த் குழியில் இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றினார். சித்திரை வெயிலில் மண் எலும்பாகக் காய்ந்திருந்தது, ஈரமில்லாத மண்ணில் கரண்ட் ஓடாது. மறுபடி பிடித்தேன். முழங்கையிலிருந்து தோள்வரை ஒரு வெட்டு. அம்மா என்று கத்தியே விட்டேன். செத்தேனா என்று செயலாளரிடம் கேட்டேன். சரி, பார்ப்போம் என்று கிளம்பிப் போனார். அன்றிலிருந்து தினம் காலையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வீட்டுக்காரர் வேலையாயிற்று.

கிழவியை ஒரு வாரம் கயிற்றில் பிடித்து, பார்வை இல்லாத பக்கம் வேலி இருக்கும்படி சுற்றிச் சுற்றி நடத்தினேன். ஒரே ஒருமுறை மூக்கை வைத்தாள், துள்ளிப் பின்வாங்கினாள். அதன்பின் வேலிக்கு ஒரு கை தூரத்திலேயே நின்று மேய்ந்தாள்.

மழைக்காலத்தில் ஒரு கல்யாணத்துக்காக வேலூருக்குப் போய்விட்டு நான்கு நாள் கழித்துத் திரும்பினேன். வேலியைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. நாடாவுக்குப் பின்னால், கம்பத்துக்குக் கம்பம், முறுக்கேற்றிய எஃகுக் கம்பி ஓடியது. யார் வேலை என்று கேட்க வேண்டியதே இல்லை. லீவு போட்டுச் செய்திருக்கிறார். பெருமையாக அதில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நாடா அத்தாலும் இது நிக்கும், பாத்துக்க."

"அதான் நக்கோ, வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டேனே. அவ கால் போனா நீங்க ஒட்ட வைப்பீங்களா?"

"வேலின்னா நிக்கணும்லா?"

"குதிரை நிக்கணும். வேலி நிக்க வேணாம்."

கட்டிங் பிளேயரை எடுத்துவந்து கம்பம் கம்பமாக வெட்டினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கையில் கொப்புளம் கிளம்பியது. அவர் உதவிக்கும் வரவில்லை, தடுக்கவும் இல்லை. மூன்று நாள் ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிட்டோம். எர்த் குழிக்கு மட்டும் தண்ணீர் தவறாமல் விழுந்தது.

கார்த்திகையில் லேஅவுட்டில் முதல் வீடு எழும்பியது. செயலாளருடைய வீடுதான். ஞாயிற்றுக்கிழமை காலை கிருகப்பிரவேசம். பத்தாயிரம் வாலா பட்டாசு கொளுத்தப் போகிறோம் என்று ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருந்தால் குதிரைகளை லாயத்தில் கட்டியிருப்பேன். சொல்லவில்லை. முதல் வெடியிலேயே கிழவி தலையைத் தூக்கினாள். சத்தம் வலது பக்கமிருந்து வந்தது, அவளுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. வெடி எங்கே என்றே புரியாமல், கண்ணை மூடிக்கொண்ட மாதிரி ஓடினாள். நேராக வேலியைப் பார்த்து ஓடினாள்.

நான் ஓடிப் பிடிக்க முடியாது என்று தெரிந்தும் ஓடினேன். அந்தக் கணத்தில், சொல்ல வெட்கமில்லை, நான் வெட்டியது தப்போ என்று நினைத்தேன். கம்பி இருந்தாலாவது நின்றிருப்பாளோ என்று நினைத்தேன். பட்டென்று சத்தம் கேட்டது. அவள் இந்தப் பக்கம் இல்லை.

செயலாளர் புதிதாகப் போட்டிருந்த புல்தரையின் நடுவில் நின்றாள். உடம்பெல்லாம் நடுக்கம், வாயில் நுரை. நான் போய் மண்டியிட்டு அந்தக் காலைத்தான் முதலில் தடவினேன். முழங்காலிலிருந்து குளம்புவரை தடவினேன். பிறகு மற்ற மூன்றையும் தடவினேன். கையைத் திருப்பிப் பார்த்தேன். ரத்தம் இல்லை. பழைய தழும்பு மட்டும் இருந்தது.

வாசலில் பட்டு வேட்டியோடு விருந்தாளிகள் எல்லாம் கூடிவிட்டார்கள். செயலாளருக்குப் புல் போன ஆத்திரத்திலும் ஒரு சந்தோஷம். எல்லோரையும் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார், ஒரு கிழட்டுக் குதிரைக்கே அறுந்துவிட்டது இந்த அம்மாவின் வேலி என்று.

"ஹவ், ஆமா, அறுந்துடுச்சு," என்றேன். "அறுந்து போறதுக்குத்தான் வாங்கினேன்."

என் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். குனிந்து, நான் தடவிய அதே காலை அவரும் ஒருமுறை தடவினார். திரும்பிப் போய் மெஷினை அணைத்தார், தரையில் கிடந்த நாடாவின் இரண்டு நுனிகளையும் எடுத்து இழுத்து முடிந்தார். வேலியில் ஒரு முடிச்சு விழுந்தது. அவள் காலில் ஒரு தையல்கூட விழவில்லை.