அவசரமில்லை என்று சொன்ன நேர்காணல்

என் தங்கை திருவாரூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். சென்ற ஆண்டு குறுவை அறுவடை நேரத்தில், அயர்லாந்திலிருந்து ஒரு முதியோர் இல்லம் அவளை வீடியோ நேர்காணலுக்கு அழைத்தது. பல முறை தோற்று அவள் தேறிய ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் டிசம்பரோடு காலாவதியாகவிருந்தது. அதற்குள் போய்ச் சேராவிட்டால் மறுபடியும் எழுத வேண்டும். இனி எழுதுவதில்லை என்று அவள் சொல்லியிருந்தாள்.

முதியோர் இல்லம் என்பதால் பொறுமையைப் பற்றிக் கேட்பார்கள் என்று யாரோ சொன்னார்களாம். நான் ஆங்கில நாளிதழில் பிரதி திருத்தியவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து அதற்கான சொற்களைப் பார்த்தோம். பேஷன்ஸ் என்றால் காத்திருப்பது. டாலரன்ஸ் என்றால் பிடிக்காததைச் சகிப்பது. எண்டூரன்ஸ் என்றால் எவ்வளவு காலம் இழுத்தாலும் தாங்குவது. நம்மைக் காக்க வைப்பவர் ‘பேர் வித் மீ’ என்பார். துவண்டு போனவரிடம் ‘ஹேங் இன் தேர்’ என்பார்கள். மெதுவாகச் சாப்பிடும் கிழவரிடம் ‘நோ ஹர்ரி, டேக் யுவர் டைம்’ என்று சொல்ல வேண்டும்.

“இதெல்லாம் எனக்கு வீட்லயே பழக்கம்ண்ணே. பேருதான் தெரியல,” என்றாள்.

அவள் கணவர் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

நேர்காணலன்று வீட்டுக்குப் பின்னால் வயலில் அறுவடை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மிஷின்காரரிடம் சொல்லி நிறுத்தினோம். பொறுமையைப் பற்றிக் கேட்டார்கள். நன்றாகவே பதில் சொன்னாள். கடைசியில், எப்போது வந்து சேர முடியும் என்று நேர்காணல் நடத்திய அம்மாள் கேட்டார். என் தங்கை சிரித்தபடி, “நோ ஹர்ரி, மேடம். டேக் யுவர் டைம்,” என்றாள்.

“முடிஞ்சுதாக்கா? இல்ல, இன்னொரு டீ குடிச்சுட்டு வரவா?” என்று வயலிலிருந்து மிஷின்காரர் கேட்டார்.

அவசரமில்லை என்று சொல்வது எங்கள் பக்கத்தில் மரியாதை. வேண்டி நிற்பவர் அவசரத்தைக் காட்டக் கூடாது. பந்தியில் பசியோடு இருப்பவர்தான் முதலில் இலையை மறைத்துப் போதும் என்பார். பரிமாறுகிறவர் அதைக் காதில் வாங்காமல் வைத்துவிட்டுப் போவார். அயர்லாந்து அம்மாள் காதில் வாங்கிக்கொண்டார். உங்கள் பொறுமைக்கு நன்றி, உங்களுக்கு அவசரமில்லை என்பதால் அடுத்த ஆண்டுக் குழுவில் சேர்த்திருக்கிறோம் என்று மறுநாள் மெயில் வந்தது.

“ஏன் அப்படிச் சொன்னே?”

“பின்ன? உடனே வர்றேன்னா, இதுக்காக அலையுறான்னு நினைக்க மாட்டாங்களா?”

“நீ அலையத்தானே செய்யிறே?”

“அது அவங்களுக்கு எதுக்குண்ணே தெரியணும்?”

நான் ஒரு பதில் எழுதிக் கொடுத்தேன். தவறான புரிதலுக்கு வருந்துவதாகத் தொடங்கி மூன்று பத்திகள் போயிற்று. படித்துப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் அழித்தாள். தேர்வு டிசம்பரில் காலாவதியாகிறது, எந்த நாளும் வரத் தயார், காத்திருக்க விருப்பமில்லை என்று தானே ஆங்கிலத்தில் தட்டினாள். ‘கைண்ட்லி’ ஒன்றையாவது சேர்க்கச் சொன்னேன்.

“நீ சும்மா இருண்ணே,” என்று அனுப்பிவிட்டாள்.

அன்று மாலையே அந்த அம்மாள் போனில் வந்தார். தங்கை கொதித்த சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். நான்தான் ஸ்பீக்கரைப் போட்டுப் பிடித்துக்கொண்டேன். நவம்பர் முதல் வாரத்துக்குள் உங்களால், என்று அவர் ஆரம்பித்தார்.

“யெஸ்,” என்றாள். கேள்வி இன்னும் முடிந்திருக்கவில்லை.